ஓவியர்கள் வந்தால் ஊர் பிழைக்குமா? கிரீஸின் காலி கிராமங்களில் ‘ஆர்ட்டிஸ்ட் ரெசிடென்சி’ என்ன செய்கிறது?

இன்ஸ்டாகிராமில் கிரீஸ் என்று தேடினால் முதலில் வந்து நிற்கும் வெள்ளை வீடு, நீல டோம் படங்களில் பாதி, சாண்டோரினி தீவின் ஓயா கிராமத்தில் எடுத்தவை. அதே ஓயா ஒரு காலத்தில் ஆள் இல்லாமல் இடிந்து கிடந்த ஊர் என்றால் நம்பக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும். 1956 ஜூலை 9-ம் தேதி அதிகாலை வந்த பெரிய நிலநடுக்கத்தில் தீவில் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எரிமலைச் சாம்பல் மண்ணைக் குடைந்து கட்டிய குகை வீடுகள் சரிந்தன. பலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஏதென்ஸுக்குக் கப்பல் ஏறினார்கள். திரும்பி வரவில்லை.

1970-களின் நடுவில் கிரீஸின் தேசிய சுற்றுலா அமைப்பு ஒரு திட்டத்தோடு வந்தது. ‘உங்கள் பழைய வீட்டை எங்களிடம் சில ஆண்டுகள் கொடுங்கள். நாங்கள் பழுதுபார்த்து விருந்தினர் விடுதியாக நடத்துகிறோம். பிறகு உங்களிடமே திருப்பித் தருகிறோம்’ என்பதுதான் டீல். ஓயா, பீலியோன் மலையில் விசித்சா, கியோஸ் தீவில் மெஸ்டா, வடக்கே பாபிங்கோ, தெற்கே மானி பகுதியில் வாத்யா என்று நாட்டின் பல மூலைகளில் ஊர்கள் தேர்வாயின.

இன்று ஓயாவில் சூரியன் மறையும் நேரத்தில் தெருவில் கால் வைக்க இடம் கிடையாது. வாத்யா? கடலைப் பார்த்தபடி குன்றின் மேல் நெருக்கமாக நிற்கும் கல் கோபுர வீடுகள். போட்டோவுக்குச் செம. ஆனால் அரசு நடத்திய விடுதி மூடப்பட்டு, ஊரில் நிரந்தரமாக இருப்பவர்களை விரல்விட்டு எண்ணும் நிலை. ஒரே திட்டம்தான். ஒன்று கூட்டம் தாங்காமல் திணறுகிறது, இன்னொன்று மறுபடி காலியாகிவிட்டது.

இந்த இரண்டுக்கும் நடுவே வேறு வழி இருக்கிறதா என்று கிரீஸில் பலர் முயன்று பார்க்கிறார்கள். அதில் அதிகம் பேசப்படுவது ஆர்ட்டிஸ்ட் ரெசிடென்சி.

அது என்ன ரெசிடென்சி?

ஓவியர், எழுத்தாளர், இசைக்கலைஞர், புகைப்படக்காரர் போன்றவர்களை ஓர் இடத்தில் சில வாரங்களோ, சில மாதங்களோ தங்கவைத்து, வேலை செய்ய இடமும் நேரமும் கொடுப்பதுதான் ரெசிடென்சி. ஹோட்டலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்றால், இங்கே வருபவர் ஏதாவது ஒன்றைச் செய்து முடிக்க வருகிறார். கடைசி நாளில் ஊர்க்காரர்களுக்கு ஒரு கண்காட்சியோ, கச்சேரியோ, வாசிப்போ இருக்கும்.

கிரீஸுக்கு இது புதுசு இல்லை. ஏதென்ஸ் நுண்கலைப் பள்ளிக்கு டெல்ஃபி, ஹைட்ரா, லெஸ்வோஸ் போன்ற இடங்களில் கிளை இல்லங்கள் பல பத்தாண்டுகளாகவே இருக்கின்றன. ஹைட்ராவில் அது பழைய கப்பல் முதலாளிக் குடும்பம் ஒன்றின் மாளிகை. அதே ஹைட்ராவில்தான் 1960-ல் பாடகர் லியனார்ட் கோஹன் 1,500 டாலருக்கு ஒரு வீடு வாங்கினார். அதற்கு முன்பே ஆஸ்திரேலிய எழுத்தாளர்கள் சார்மியன் கிளிஃப்ட், ஜார்ஜ் ஜான்ஸ்டன் தம்பதி அங்கே குடியேறியிருந்தார்கள். யாரும் அழைப்பு அனுப்பவில்லை, ஃபார்ம் நிரப்பச் சொல்லவில்லை. வாடகை குறைவு, வெயில் அதிகம், டைப்ரைட்டர் போதும். இன்றைய ரெசிடென்சி, அந்தத் தற்செயலைத் திட்டமிட்டு நடத்தப் பார்க்கிறது.

புதியவையும் நிறைய. ஸ்பார்ட்டாவுக்கு அருகே செல்லாசியா கிராமத்தில் ‘மெடியா எலெக்ட்ரோனிக்’ என்ற கலைஞர் குழு 2009 முதல் ‘குமாரியா’ ரெசிடென்சியை நடத்துகிறது. ஒலி, வீடியோ, நடனம் என்று வேறு வேறு துறைக்காரர்கள் ஒரே கூரையின் கீழ் தங்கிச் சேர்ந்து ஒன்றை உருவாக்குவார்கள். கிரீட் தீவின் தென்கிழக்கு மலையில் உள்ள அகியோஸ் யோவானிஸ் கிராமத்தில் ‘மட்ஹவுஸ்’ என்ற ரெசிடென்சி கோடையில் கலைஞர்களை வரவழைக்கிறது. கிரீட்டின் இந்தப் பக்கத்தில் மலை ஊர்கள் காலியானதற்குக் காரணம் கீழேயே கண்ணுக்குத் தெரியும். இயேரபெத்ரா கடற்கரைச் சமவெளி முழுக்க பிளாஸ்டிக் பசுமைக்குடில்கள். தக்காளியும் வெள்ளரியும் கீழே காசு கொடுத்தன, பிறகு சுற்றுலாவும் வந்தது. மேலே யார் இருப்பார்கள்?

ஊர் ஏன் காலியானது?

மொத்தக் கதையும் மூன்று அலைகள். 1946 முதல் 1949 வரை நடந்த உள்நாட்டுப் போர் மலைக் கிராமங்களைத்தான் அதிகம் சிதைத்தது. அடுத்து, 1960-ல் மேற்கு ஜெர்மனியுடன் தொழிலாளர் ஒப்பந்தம். ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பல் கப்பலாகப் போனார்கள். மூன்றாவது, 2010-க்குப் பிந்தைய கடன் நெருக்கடி. இந்த முறை போனவர்கள் பட்டதாரிகள்.

2021 கணக்கெடுப்பில் கிரீஸின் மக்கள்தொகை சுமார் 1 கோடியே 4.8 லட்சம். பத்து ஆண்டுகளில் 3 சதவீதத்துக்கும் மேல் குறைவு. இப்போது ஆண்டுதோறும் இறப்புகளின் எண்ணிக்கை பிறப்புகளைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இந்தக் கணக்கிலும் ஒரு சின்ன வேடிக்கை உண்டு. ஏதென்ஸில் வாழும் பலர் இன்னும் தங்கள் வாக்கைச் சொந்த ஊரில்தான் வைத்திருக்கிறார்கள். கணக்கெடுப்பு நாளில் ஊருக்குப் போய்ப் பெயர் கொடுக்கும் பழக்கமும் இருக்கிறது. அதனால் பேப்பரில் 120 பேர் இருக்கும் ஊரில் ஜனவரி மாதம் போய்ப் பார்த்தால் புகைபோக்கியில் புகை வரும் வீடு பத்துகூடத் தேறாது என்பதும் நடக்கும்.

முதல் சிக்கல்: வீடு யாருடையது?

ரெசிடென்சி தொடங்க ஆசைப்படும் யாரும் முதலில் மோதுவது கலையோடு அல்ல, பத்திரத்தோடு.

காலி வீடுதானே, சும்மா கிடக்கிறதே, வாங்கிவிடலாம் என்றுதான் நினைக்கத் தோன்றும். கிரேக்க வாரிசுச் சட்டப்படி பிள்ளைகளுக்கும் வாழ்க்கைத் துணைக்கும் சொத்தில் பங்கு உறுதி. தாத்தா இறந்தார், ஐந்து பிள்ளைகள். அவர்களில் இருவர் மெல்பர்னில், ஒருவர் ஷ்டுட்கார்ட்டில். அவர்களுக்கும் பிள்ளைகள். யாரும் பாகம் பிரிக்கவில்லை. மூன்றாவது தலைமுறையில் இரண்டு அறையும் ஓர் அத்தி மரமும் உள்ள வீட்டுக்கு இருபது பங்காளிகள். ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தாலோ, எங்கே இருக்கிறார் என்றே தெரியாமல் போனாலோ, கதை அங்கேயே நின்றுவிடும். நாடு முழுவதற்குமான நில ஆவணப் பதிவு கிரீஸில் 1990-களில்தான் தொடங்கியது என்பதால், எல்லை எங்கே என்பதற்குப் பல ஊர்களில் பெரியவர்களின் நினைவுதான் சாட்சி.

அதனால் நிறைய ரெசிடென்சிகள் வீடு வாங்குவதே இல்லை. சொந்தக் குடும்ப வீட்டில் தொடங்குகிறார்கள். இல்லை என்றால், மாணவர்கள் இல்லாமல் மூடிய பள்ளிக் கட்டடத்தை நகராட்சியிடம் கேட்டுப் பெறுகிறார்கள். பள்ளிக்கூடம் என்றால் ஒரே உரிமையாளர், பெரிய ஜன்னல், நல்ல வெளிச்சம். ஸ்டூடியோவுக்குக் கச்சிதம். அந்த வெளிச்சம் எப்படிக் கிடைத்தது என்பதை நினைத்தால்தான் ஒரு மாதிரி இருக்கும்.

இரண்டாவது: கூரை

கல் வீடு நூற்றாண்டுகள் நிற்கும் என்பது பாதி உண்மை. கூரை நிற்கும் வரைதான் கல் வீடு நிற்கும்.

வடமேற்கு கிரீஸில் உள்ள ஜகோரி பகுதியை எடுத்துக்கொள்வோம். 46 கல் கிராமங்கள். இந்தப் பண்பாட்டு நிலப்பரப்பை 2023-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இங்கே சுவர் கல், தெரு கல், கூரையும் கல். தட்டையான கற்பலகைகளை மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். அவ்வளவு கனத்தையும் தாங்குவது அடியில் இருக்கும் மர உத்திரங்கள். ஆள் இருக்கும் வீட்டில் ஒரு பலகை நகர்ந்தால் மறுநாளே யாராவது ஏறிச் சரிசெய்துவிடுவார்கள். பூட்டிய வீட்டில் அந்த இடைவெளி வழியாக மழைநீரும் பனியும் இறங்கும், உத்திரம் உளுத்துப்போகும், ஒரு குளிர்காலத்தில் கூரை மொத்தமாக உள்ளே விழும். அதன்பின் மேலே திறந்து கிடக்கும் சுவருக்குள் தண்ணீர் இறங்க, சுவரும் பிதுங்கிச் சரியும்.

சரி, சிமென்ட் பூசிவிடலாமே? அதுதான் பல ஊர்களில் நடந்த தவறு. பழைய சுவர் மண், சுண்ணாம்புக் கலவையில் கட்டியது. ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். தவிர, 1978-ல் வந்த அரசாணை நூற்றுக்கணக்கான ஊர்களைப் ‘பாரம்பரியக் குடியிருப்பு’ என்று அறிவித்தது. அந்த ஊர்களில் ஜன்னல் அளவு, கூரைப் பொருள், சுவர் நிறம் என எல்லாவற்றுக்கும் ஒப்புதல் வேண்டும். ஊரின் அழகைக் காப்பாற்றியது இந்த விதிதான். பழுதுபார்க்கும் செலவை ஏற்றியதும் இதே விதிதான்.

அதைவிடப் பெரிய கவலை, கல் வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது. இந்த எபிரஸ் பகுதியின் கொத்தனார்கள் ஒரு காலத்தில் கூட்டம் கூட்டமாக வசந்தத்தில் கிளம்பி, நாடு நாடாகப் போய்க் கட்டிவிட்டுக் குளிர்காலத்துக்கு முன் வீடு திரும்புவார்கள். முதலாளிக்குப் புரியக் கூடாது என்பதற்காக ‘கூதாரிட்டிகா’ என்று தங்களுக்குள் ஒரு ரகசிய மொழியே வைத்திருந்தார்கள். சம்பளம் பற்றி முதலாளி முன்னாலேயே பேசலாம் பாருங்கள்! 1866-ல் இப்படிப்பட்ட கைகள் கட்டிய பிளாக்கா கல் பாலம் 2015 பிப்ரவரியில் வெள்ளத்தில் இடிந்து விழுந்தது. 40 மீட்டர் அகல ஒற்றை வளைவு. அதைப் பழைய முறையிலேயே திரும்ப எழுப்பியபோதுதான், இந்தக் கைவேலை தெரிந்தவர்கள் எத்தனை பேர் மிச்சம் என்ற கேள்வி நாடு முழுக்கப் பேச்சானது.

அந்தக் கொத்தனார் கூட்டங்களுக்கு ‘புலூக்கி’ என்று பெயர். அதே பெயரில் இன்று இளம் கட்டடக் கலைஞர்களும் பொறியாளர்களும் நடத்தும் குழு ஒன்று இருக்கிறது. ஊர் ஊராகப் போய், மூத்த கொத்தனார்களிடம் கல் பாதை போடுவது, சுண்ணாம்பு வேலை போன்றவற்றைப் பயிற்சிப் பட்டறையாக நடத்துகிறது. பட்டறை முடியும்போது ஊருக்கு ஒரு பாதையோ சுவரோ மிச்சமாகிறது. ஓவியக் கண்காட்சி முடிந்ததும் ஓவியம் பெர்லினுக்குப் போய்விடும். போட்ட பாதை ஊரிலேயே கிடக்கும். ஊர்க்காரர்கள் எதை அதிகம் மதிப்பார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

காசு எங்கிருந்து வருகிறது?

நேர்மையாகச் சொன்னால், பெரும்பாலும் கலைஞர்களின் பாக்கெட்டிலிருந்துதான். தங்குமிடம், ஸ்டூடியோ, சில வேளைச் சாப்பாடு சேர்த்து வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒரு கட்டணம். வசதியுள்ளவர்கள் வருவார்கள், திறமை மட்டும் உள்ளவர்கள் வர முடியாது என்ற விமர்சனம் இந்த முறை மீது எப்போதும் உண்டு. அந்த விமர்சனத்தில் நியாயமும் இருக்கிறது.

இரண்டாவது வழி மானியம். பல ரெசிடென்சிகள் லாப நோக்கமற்ற சங்கமாகப் பதிவுசெய்து, கலாச்சார அமைச்சகத்திடமும் தனியார் அறக்கட்டளைகளிடமும் விண்ணப்பிக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் ‘கல்ச்சர் மூவ்ஸ் யூரோப்’ என்ற திட்டத்தை 2.1 கோடி யூரோவில் தொடங்கி, கலைஞர்களின் பயணத்துக்கும் அவர்களைத் தங்கவைக்கும் இடங்களுக்கும் பணம் கொடுத்தது. நடத்தும் பொறுப்பு ஜெர்மனியின் கோதே நிறுவனத்திடம். மானியத்தின் குணம் எல்லோருக்கும் தெரிந்ததே. வந்தால் மழை, நின்றால் வறட்சி.

மூன்றாவது வழி கொஞ்சம் புத்திசாலித்தனமானது. தெற்கே கார்தமிலி கிராமத்தில், பிரிட்டிஷ் எழுத்தாளர் பேட்ரிக் லீ ஃபெர்மரும் மனைவி ஜோனும் 1960-களில் கடலோரம் ஒரு கல் வீடு கட்டினார்கள். 1996-ல் அதை ஏதென்ஸின் பெனாக்கி அருங்காட்சியகத்துக்கு எழுதிக்கொடுத்தார்கள். 2011-ல் ஃபெர்மர் இறந்த பிறகு, ஸ்டாவ்ரோஸ் நியார்கோஸ் அறக்கட்டளையின் பணத்தில் வீடு பழுதுபார்க்கப்பட்டது. இப்போது ஆண்டில் கோடைக்காலத்தின் சுமார் மூன்று மாதங்கள் அது வாடகை வீடு. காசு உள்ளவர்கள் விடுமுறைக்கு வருகிறார்கள். அந்த வருமானத்தில் மற்ற மாதங்களில் எழுத்தாளர்களும் ஆய்வாளர்களும் தங்குகிறார்கள். கோடை உழைத்து மற்ற மாதங்களுக்குச் சோறு போடுகிறது. புகழ்பெற்ற பெயரும், கடலும், பின்னால் பெரிய நிறுவனமும் இருக்கும் வீட்டுக்கு இது சரி. பேர் தெரியாத மலை ஊரில் இதே கணக்கு ஓடாது.

காபிக் கடைதான் பார்லிமென்ட்

ரெசிடென்சியை நடத்துபவருக்கு ஊரில் உண்மையான தேர்வு நடக்கும் இடம் ‘கஃபேனியோ’. அதாவது ஊர் காபிக் கடை. தபால், மாத்திரை, வம்பு, அரசியல் எல்லாம் அங்கேதான். சின்ன ஊரில் அந்தக் கடை மூடினால் ஊரே மூடின மாதிரி. பத்து கலைஞர்கள் ஒரு மாதம் தினமும் இரண்டு வேளை அங்கே உட்கார்ந்தால் கடைக்காரருக்கு அது கணிசமான வருமானம். அதனால் விவரமான ரெசிடென்சிகள் தனியாகச் சமையற்கட்டு வைத்து எல்லாவற்றையும் உள்ளேயே முடித்துக்கொள்வதில்லை. ரொட்டி ஊர் அடுப்பில், எண்ணெய் பக்கத்துத் தோட்டத்தில், சுத்தம் செய்யும் வேலை ஊர்ப் பெண்களுக்கு.

மாறாக, கேட்டைப் பூட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் மட்டும் போஸ்டர் ஒட்டும் ரெசிடென்சி, வெளிநாட்டவர் விடுதியைத் தாண்டி எதுவும் ஆகாது. ஆகஸ்ட் 15 மாதா திருவிழா, அதாவது ‘பனிகிரி’, இதற்கு நல்ல அளவுகோல். ஏதென்ஸிலிருந்தும் மெல்பர்னிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து குவியும் நாள் அது. இரவு முழுக்க கிளாரினெட், ஆட்டுக்கறி, வட்ட நடனம். பெஞ்ச் தூக்கிப்போட, தட்டு கழுவ அந்தக் கலைஞர்களையும் ஊர்க்காரர்கள் கூப்பிடுகிறார்களா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

சரி, ஊர் உயிர்பெறுகிறதா?

கூரை பிழைக்கிறது. கடை பிழைக்கிறது. பாதை சுத்தமாகிறது. இவை உண்மையான பலன்கள். ஆனால் பள்ளிக்குக் குழந்தை வருகிறதா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை. மூன்று வாரத்துக்கு வரும் ஓவியர் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போவதில்லை. அக்டோபர் முடிந்தால் ஸ்டூடியோவுக்குப் பூட்டு. கல் வீட்டைக் குளிர்காலத்தில் சூடாக வைக்கும் விறகுச் செலவும் எண்ணெய்ச் செலவும் கோடைக் கட்டணத்தில் கட்டுப்படியாகாது.

இன்னொரு பக்கம் ஓயாவின் ஆபத்து இருக்கிறது. கலைஞர்கள் வந்தால் படங்கள் வரும், படங்கள் வந்தால் பயணிகள் வருவார்கள், வீட்டு விலை ஏறும். 2023-ல் சாண்டோரினிக்கு வந்தவர்கள் சுமார் 34 லட்சம். நிரந்தரமாக வசிப்பவர்களோ 15,000 சொச்சம். கூட்டத்தைக் கட்டுப்படுத்த, 2025 கோடையில் அங்கே இறங்கும் ஒவ்வொரு குரூஸ் பயணிக்கும் உச்ச சீசனில் 20 யூரோ கட்டணம் போட்டது அரசு. தீவுகளுக்கு மாற்றலாகி வரும் ஆசிரியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் வாடகைக்கு வீடு கிடைக்காமல் அவர்கள் அல்லாடுவது கிரேக்க ஊடகங்களில் ஆண்டுதோறும் வரும் செய்தி.

இந்த இரண்டு பள்ளங்களிலும் விழாத ஊர் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றால், டினோஸ் தீவின் பிர்கோஸ். பளிங்குச் செதுக்கல் அங்கே தலைமுறைத் தொழில். நவீன கிரேக்கச் சிற்பத்தின் பெரிய பெயரான யானூலிஸ் ஹலெபாஸ் 1851-ல் பிறந்த ஊர் அது. 1955-ல் அங்கே ஒரு பளிங்குச் சிற்பப் பள்ளி தொடங்கப்பட்டது. இன்றும் நடக்கிறது. 2008-ல் பளிங்குக் கைவினை அருங்காட்சியகம் வந்தது. 2015-ல் டினோஸின் பளிங்கு வேலையை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. ரெசிடென்சியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் எளிது. இங்கே மாணவர் வாரக்கணக்கில் அல்ல, ஆண்டுக்கணக்கில் தங்குகிறார். குளிர்காலத்திலும் வகுப்பு உண்டு. படித்து முடித்தால் கோயில் திருப்பணி, பாரம்பரியக் கட்டடப் பழுதுபார்ப்பு என்று செய்வதற்கு வேலையும் இருக்கிறது.

கலையே இல்லாமல் முயன்றவர்களும் இருக்கிறார்கள். எவ்ரிதானியா மலைப் பகுதியில் ஃபூர்னா என்ற கிராமத்தில், பள்ளி மூடப்படும் நிலை வந்தபோது ஊர் ஆசிரியரும் பாதிரியாரும் சேர்ந்து, ‘பிள்ளைகளோடு வாருங்கள், வீடும் வேலையும் தேடித் தருகிறோம்’ என்று நகரத்துக் குடும்பங்களை அழைத்தார்கள். சில குடும்பங்கள் வந்தன. நாடு முழுக்கப் பார்த்தால் அந்த எண்ணிக்கை ஒன்றுமே இல்லை. 2025-ல் மட்டும், 15 மாணவர்கள்கூட இல்லை என்று கிரீஸில் 700-க்கும் மேற்பட்ட பள்ளிகளின் செயல்பாடு நிறுத்தப்பட்டது.

அந்தக் கட்டடங்களில் சிலவற்றுக்கு ரெசிடென்சி நடத்த விரும்புபவர்களிடமிருந்து அடுத்த விண்ணப்பம் நகராட்சிக்குப் போகும். ஊர்க் கூட்டத்தில் அப்போது யாராவது ஒரு பாட்டி கேட்கப்போகும் கேள்வி ஒன்றுதான்: “குளிர்காலத்திலும் இருப்பீர்களா?”